வாசகர் கேள்வி பதில்: வாசலுக்கு வெளியே சரக்கு வைக்கலாமா?

கேள்வி: சுங்கை காடுட்டில் தரைத்தள யூனிட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சிறிய அளவில் கட்டுமானக் குத்தகைத் தொழில் நடத்துகிறேன். சாரக் குழாய், பெயிண்ட் டிரம், பேலட் எல்லாம் வாசலுக்கு வெளியே காலி இடத்தில்தான் இருக்கின்றன. கட்டட உரிமையாளர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மழை படாமல் இருக்க மேலே கூரை போடலாமா? - வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உரிமையாளர் வாயால் சொன்னது மட்டும் போதாது, அண்ணா. முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தோடு தந்த வரைபடத்தில் உங்கள் யூனிட்டின் எல்லை இருக்கும். வேலிக்கு அப்பால் புல்தரை என்றால் அது பெரும்பாலும் அரசு நிலம், சிங்கப்பூர் நில ஆணையத்தின் தற்காலிக உரிமம் இல்லாமல் அங்கே ஒரு பலகைகூட வைக்கக் கூடாது. வேலிக்கு உள்ளே என்றாலும் வண்டி நிறுத்துமிடம், சரக்கு ஏற்றி இறக்கும் இடம், தீயணைப்பு வண்டி வரும் வழி எல்லாமே ஏற்கெனவே அனுமதி பெற்ற வரைபடத்தில் குறித்தவை. காலியாகத் தெரிகிறது என்பதற்காக அதைக் கிடங்காக மாற்ற முடியாது.

கூரை விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். திறந்தவெளியில் பொருள் வைப்பது வேறு, அதற்கு மேல் கூரை போட்டால் அந்தப் பரப்பு பொதுவாகக் கட்டடத் தளப்பரப்புக் கணக்கில் சேர்ந்துவிடும், அந்த நிலத்துக்கு அனுமதித்த அளவு ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தால் ஒரு சதுர மீட்டர்கூடக் கூட்ட வழியில்லை. நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும், அமைப்பு உறுதியாக நிற்குமா என்பதற்காகக் கட்டட, கட்டுமான ஆணையத்திடமும் போக வேண்டியிருக்கும். அனுமதியில்லாமல் செய்து வழக்கு வந்தால் அபராதம் 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். அதனால் தகரம் வாங்குவதற்கு முன் ஒரு தகுதிபெற்ற நிபுணரை, அதாவது பதிவுபெற்ற கட்டடக் கலைஞரையோ பொறியாளரையோ பாருங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை அந்த டிரம்கள்தான். தீயணைப்பு ஏணி வண்டி உள்ளே வந்து நின்று வேலை செய்ய 6 மீட்டர் அகல வழி விட வேண்டும் என்கிறது தீப் பாதுகாப்பு விதிமுறை. அந்த வழியில் உங்கள் பேலட் அடுக்கு ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், பக்கத்து யூனிட்டில் தீப்பிடிக்கும் நாளில் யாருக்கு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள், மேல்மாடியில் வேலை செய்யும் தம்பிகளுக்குத்தான். பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்களை வரம்புக்கு மேல் வைத்தால் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமமும் வேண்டும்.

அப்புறம் கொசு. மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்: தார்ப்பாய் நடுவில் தொங்கும் பள்ளத்தில் தண்ணீர், டிரம் மூடியின் விளிம்புக்குள் தண்ணீர், படுத்துக்கிடக்கும் குழாய்க்குள்ளே கண்ணுக்கே தெரியாத தண்ணீர். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். குழாய்களை ஒரு பக்கம் சாய்த்து அடுக்குங்கள், டிரம்களைப் படுக்க வையுங்கள், தார்ப்பாயை நடுவில் உயர்த்தி இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் எங்கள் மளிகைக் கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடியில் (கூரையுள்ள நடைவழியில்) அரிசி மூட்டை வைத்தால் எச்சரிக்கிறார்கள். அது எங்கள் கடையின் பகுதிதானே? - வாசகி, சிராங்கூன் ரோடு

பதில்: கடையோடு ஒட்டியிருந்தாலும் அது பொதுமக்கள் நடக்க வேண்டிய வழிதான் அக்கா. 1822ல் நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோதே வீடுகளின் முன்னால் தொடர்ச்சியான நடைவழி விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1888ல் அந்த நடைவழியில் இருந்த பொருள்களை நகராட்சி காலி செய்யப் போய்க் கலவரமே வெடித்தது. வியாபாரிகளின் நெருக்கடி எனக்குப் புரிகிறது, வாடகை அப்படி. ஆனாலும் சக்கர நாற்காலியில் வரும் பாட்டி உங்கள் மூட்டைக்காகச் சாலையில் இறங்கக் கூடாது.

கேள்வி: அமெரிக்காவில் என் தம்பி கிடங்கு வைத்திருக்கிறான், அங்கே வெளியில் சரக்கு வைக்க வேலி போட்டால் போதுமாமே? - வாசகர், ஜூரோங்

பதில்: ஊருக்கு ஊர் மாறும். அங்கே பல நகரங்களில் தெருவிலிருந்து தெரியாதபடி மறைப்பு வேலி கேட்கிறார்கள், வேலியைவிட உயரமாக அடுக்கவும் விடுவதில்லை. இங்கே நிலம் குறைவு, மறைப்பதைவிட அந்த இடத்தை எதற்கு ஒதுக்கினார்கள் என்பதுதான் முக்கியம். எந்த நிலம் எதற்கு என்று காட்டும் பெருந்திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. முகவரியைத் தட்டினால் பி1 நிலமா, பி2 நிலமா என்று வரும். பி1 என்றால் முக்கியமாகச் சுற்றுப்புறத்துக்குத் தொந்தரவு தராத இலகுத் தொழிலுக்கானது, பொதுத் தொழில் என்றால் பி2 நிலத்தைத் தேடுங்கள்.