தட்டச்சுப் பெண்ணும் வங்கி இயக்குநரும்

கேள்வி: அலுவலகத்தில் நடக்கும் ஜெர்மன் காதல் நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: வில்ஹெல்ம் டீலே இயக்கி 1931இல் வெளிவந்த ‘டீ ப்ரிவாட்செக்ரெடேரின்’ (தனிச் செயலாளர்) படத்திலிருந்து தொடங்குங்கள். வெளியூரிலிருந்து வேலை தேடி பெர்லினுக்கு வரும் வில்மா ஒரு வங்கியில் தட்டச்சராகச் சேர்கிறாள். வேலை கொடுத்த பணியாளர் பிரிவுத் தலைவர் அதற்கு ஈடாக வேறொன்றை எதிர்பார்க்கிறார். அவள் இணங்காததால் வேலையை மேலும் மேலும் அவள்மீது சுமத்துகிறார். அலுவல் நேரம் முடிந்தும் எழ முடியாமல் அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் அங்கே வரும் வங்கி இயக்குநரைச் சாதாரண ஊழியர் என்று எண்ணிப் பழகுகிறாள். அவரும் தாம் யாரென்று சொல்வதில்லை.

ஆளை மாற்றி எண்ணிக்கொள்வது நாடக மேடையின் பழைய உத்திதான் என்றாலும், இந்தப் படத்தில் சிரிப்புக்கு அடியில் ஓடும் அச்சம் உண்மையானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டால் மறுவேலை கிடைக்காது என்பது திரையரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொரு தட்டச்சுப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். வில்மாவாக நடித்த ரெனாட்டே முல்லரின் துள்ளலும், பால் ஆப்ரஹாமின் இசையில் அவர் பாடும் மகிழ்ச்சிப் பாடலும் அதனாலேயே வெறும் அலங்காரமாக நிற்காமல் ஒருவகைத் துணிச்சலாகவே எனக்குப் படுகின்றன. ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வங்கி இயக்குநரும் முதலில் அவளை மனைவியாக்கும் எண்ணத்தோடு நெருங்குவதில்லை. பணியாளர் பிரிவுத் தலைவரைக் கேலி செய்யும் படம், அதே குற்றத்துக்கு இயக்குநரை மட்டும் திருமணத்தின் பெயரால் மன்னித்துவிடுகிறது.

கேள்வி: ரெனாட்டே முல்லர் இதே கதையில் ஆங்கிலத்திலும் நடித்தாரா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆம். குரல் மாற்றிப் பதியும் நுட்பம் அப்போது முதிர்ந்திருக்கவில்லை என்பதால், ஒரே கதையைப் பல மொழிகளில் தனித்தனியாகப் படமாக்கினார்கள். இக்கதை 1931லேயே பிரெஞ்சு, இத்தாலி, ஆங்கில மொழிகளிலும் உருவாயிற்று. விக்டர் சாவில் இயக்கிய ஆங்கில வடிவத்தில் முல்லரே கதாநாயகி.

அடுத்த சில ஆண்டுகளில் இக்குழு சிதறியது. யூதர்களான டீலே, ஆப்ரஹாம், வங்கியின் வாயிற்காவலராக நடித்துப் படத்தின் பாதிச் சிரிப்பைத் தம் தோளில் தாங்கிய ஃபெலிக்ஸ் ப்ரெஸ்ஸார்ட் ஆகிய மூவரும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஜெர்மனியிலேயே இருந்த முல்லர் 1937இல், 31ஆம் வயதில் இறந்தார். ப்ரெஸ்ஸார்ட்டை, எர்ன்ஸ்ட் லுபிட்ஷ் 1940இல் ஹாலிவுட்டில் எடுத்த ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ படத்தில் மீண்டும் காணலாம். புடாபெஸ்ட் கடையொன்றின் விற்பனையாளரான அவர், முதலாளி யாரிடமாவது கருத்துக் கேட்கிறார் என்று தெரிந்தாலே அங்கிருந்து மறைந்துவிடுவார். முதல் படம் உங்களுக்குப் பிடித்தால் அடுத்து அதைப் பாருங்கள்.