சிறு படகில் சால்மன் ட்ரோலிங்: எஞ்சின் முதல் தூண்டில் வரை, கேள்வி பதில்

வட அமெரிக்கப் பேரேரிகளில் சிறிய படகு வைத்துக்கொண்டு சால்மன், ட்ரௌட் தேடிப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதி எஞ்சினைப் பற்றியவை, பாதி மீனைப் பற்றியவை. நான் அவற்றைப் பிரிக்கவில்லை. ட்ரோலிங்கில், அதாவது படகை மெதுவாக ஓட்டித் தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் மீன்பிடிப்பில், தூண்டிலை ஆட்டுவது நம் கை அல்ல, எஞ்சின்தான். அது சீராக ஓடாவிட்டால் பெட்டி நிறைய ஸ்பூன் (மினுங்கும் உலோகத் தூண்டில்) இருந்தும் பயனில்லை.

கேள்வி: அண்ணா, 16 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழைய அவுட்போர்டு எஞ்சினோடு வாங்கியிருக்கிறேன். தண்ணீரில் இறக்கும் முன் முதலில் எதைப் பார்க்கட்டும்?

கியர் ஆயிலைப் பாருங்கள் தம்பி. எஞ்சினின் அடிப்பகுதியில் இருக்கும் கீழ்த் திருகைக் கழற்றி ஆயிலைக் கொஞ்சம் வடிய விடுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. திருகு நுனியின் காந்தத்தில் மெல்லிய கரும்பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். உலோகச் சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

ட்ரோலிங் படகில் கியருக்குள் தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் நம் தூண்டில் நரம்புதான் காரணம். அறுந்த நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ரப்பர் சீலை அறுத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. அதனால் பருவத்தின் நடுவிலும் ஓரிரு முறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள். மேல் துளையில் வழியத் தொடங்கியதும் முதலில் மேல் திருகை மூடிவிட்டுப் பிறகு கீழ்த் திருகைப் போடுங்கள். திருகுகளின் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள்.

அடுத்தது இம்பெல்லர், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரம். எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கே தெரியாவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓட்டினாலும் அந்த ரப்பர் இதழ்கள் கெட்டுவிடும்.

கேள்வி: வேகமாகப் போகும்போது எஞ்சின் அருமையாக ஓடுகிறது. ட்ரோலிங் வேகத்துக்குக் குறைத்தால் அரைமணி நேரத்தில் தடுமாறி நின்றுவிடுகிறது. டேங்க் காற்றுத்துளை அடைப்பா?

காற்றுத்துளை அடைத்திருந்தால் வேகமாக ஓடும்போதுதான் முதலில் நிற்கும், அப்போதுதான் பெட்ரோல் அதிகம் போகிறது. மெதுவான ஓட்டத்தில் மட்டும் கோளாறு என்றால் கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டைச் சந்தேகப்படுங்கள். அதன் துளை மிகச் சிறியது. குளிர்காலம் முழுக்கக் கிடந்த பெட்ரோலின் பிசின் அடைக்கும் முதல் இடம் அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் உறிஞ்சும், ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். மணிக்கணக்காக மெதுவாக ஓடினால் கரி படியும், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னும் அதிகம். ட்ரோலிங் முடிந்து திரும்பும்போது சில நிமிடங்கள் நல்ல வேகத்தில் ஓட்டுவது பிளக்குக்கு நல்லது.

கேள்வி: ஜிபிஎஸ்ஸில் 2.4 மைல் என்று வைத்துத்தான் ஓட்டுகிறேன். பக்கத்துப் படகுக்கு மீன் விழுகிறது, எனக்கு இல்லை. ஏன் ஐயா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல ஆசை.

ஜிபிஎஸ் காட்டுவது தரையோடு ஒப்பிட்ட வேகம். உங்கள் ஸ்பூன் உணர்வது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரோடு ஒப்பிட்ட வேகம். பேரேரிகளில் மேலே ஒரு நீரோட்டமும் 70 அடியில் வேறொரு நீரோட்டமும் ஓடுவது சாதாரணம். கீழ் நீரோட்டம் எதிரே வந்தால் 2.4 என்பது கீழே 3-ஐத் தாண்டலாம். கூடவே வந்தால் ஸ்பூன் துடிக்காமல் தொங்கும். கிழக்கே போகும்போது மட்டும் கடிக்கிறது, திரும்பி வந்தால் ஒன்றுமில்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆழத்தில் வேகம் காட்டும் கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. டவுன்ரிக்கர் (கனமான குண்டைக் கம்பியில் இறக்கித் தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோகும் கருவி) கம்பியின் சாய்வைக் கவனியுங்கள். ஒரு திசையில் மீன் விழுந்தபோது கம்பி எந்தக் கோணத்தில் இருந்ததோ, திரும்பி வரும்போதும் அதே கோணம் வரும்வரை எஞ்சினைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள், ஜிபிஎஸ் எண் என்னவாக இருந்தாலும் சரி. நேர்கோட்டில் ஓட்டாமல் நீண்ட எஸ் வடிவில் வளைந்து போங்கள். வளைவின் உட்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத்தது வேகமாகும். உட்பக்கத்திலேயே இரண்டு முறை கடித்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மீனே சொல்லிவிட்டது.

தொடங்குவதற்கு எண் வேண்டுமென்றால் சினூக் என்ற சால்மன் வகைக்கு மணிக்கு 2.2 முதல் 2.8 மைல், லேக் ட்ரௌட்டுக்கு 1.5 முதல் 2. எஞ்சின் அவ்வளவு குறையவில்லை என்றால் படகின் இரு பக்கமும் தண்ணீரை வாங்கி வேகத்தைத் தடுக்கும் ட்ரோலிங் பை கட்டி இழுங்கள்.

கேள்வி: எந்த ஆழத்தில் விடுவது?

ஆழத்தைவிட வெப்பநிலையைத் தேடுங்கள். சினூக் விரும்புவது ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். லேக் ட்ரௌட் அதைவிடக் குளிர்ந்த நீரில், பெரும்பாலும் அடித்தரையை ஒட்டி இருக்கும். பிரௌன் ட்ரௌட் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பைத் தாங்கும்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி கொள்ளும். வசந்தத்தில் ஏரியின் நடுப்பகுதி அந்த அளவுக்குக் குளிர்ந்தே கிடக்க, ஆற்று முகத்துவாரமும் கரையோரமும் முதலில் சூடேறும். அப்போது பிரௌன் ட்ரௌட் 10 அடித் தண்ணீரிலேயே கிடைக்கும். கோடையில் மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவே சட்டென்று வெப்பம் விழும் தெர்மோக்ளைன். சினூக்கும் அதன் இரை மீன்களும் அந்த எல்லையை ஒட்டியே திரியும். ஆனால் காற்று அதை ஒரே இரவில் இடம் மாற்றிவிடும். கரையிலிருந்து ஏரிக்குள் பலமாக வீசினால் சூடான மேல்நீர் வெளியே தள்ளப்பட்டுக் குளிர்நீர் கரையருகே எழும்பும். நேற்று 90 அடியில் இருந்த மீன் இன்று 40 அடியில் இருக்கலாம். கிளம்பும் முன் முந்தைய இரண்டு நாள் காற்றைப் பாருங்கள்.

கேள்வி: டவுன்ரிக்கர் இல்லாமல் ஆழத்துக்குப் போக முடியுமா?

தாராளமாக. ஈயம் பொதிந்த லெட்கோர் கயிற்றில் 10 கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும். வேகம் கூடினால் குறையும். தண்ணீரின் இழுப்பால் தூண்டிலைக் கீழே கொண்டுபோகும், திசையும் ஆழமும் மாற்றக்கூடிய டைவர் தட்டு இன்னொரு வழி. புதியவர்களுக்கு நான் முதலில் டைவரைத்தான் சொல்வேன்.

கேள்வி: நரம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டி ரீலுக்குள்ளேயே போகமாட்டேன் என்கிறது.

அது ஸ்பைனி வாட்டர் ஃப்ளீ, வெளியிலிருந்து வந்து பரவிய, முள்வால் கொண்ட மிகச் சிறிய ஓட்டுடலி. மெல்லிய நரம்பில்தான் அதிகம் சிக்கும். 30 பவுண்டு தாங்கும் தடித்த மோனோ (ஒற்றை இழை நரம்பு) போட்டால் குறையும். ஏரியை விட்டுப் போகும்போது படகில் தேங்கிய தண்ணீரை வடித்து, கழுவி, உலர்த்திய பிறகே வேறு நீர்நிலையில் இறக்குங்கள். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: படகு முன்பு கடலில் ஓடியது. எஞ்சின் அரிக்காமல் காக்கத் தான் கரையும் துத்தநாக ஆனோடு இருக்கிறது, போதுமா?

போதாது. நன்னீரில் துத்தநாகத்தின் மேல் படலம் படிந்து அது வேலை செய்யாமல் நின்றுவிடும். மக்னீசியம் போடுங்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

கேள்வி: பசிபிக் மீனான சால்மன் இந்த ஏரிகளுக்கு எப்படி வந்தது?

லாம்ப்ரே ஒட்டுண்ணியும் அளவுமீறிய மீன்பிடிப்பும் 1950-களுக்குள் லேக் ட்ரௌட்டை ஏறக்குறைய அழித்துவிட்டன. தின்னும் பெரிய மீன் இல்லாததால் அட்லாண்டிக்கிலிருந்து நுழைந்த அலைவைஃப் என்ற சிறுமீன் பெருகி, 1967-இல் மிச்சிகன் ஏரிக் கரைகளில் மலைபோல் செத்து ஒதுங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே, 1966-இல், மிச்சிகன் மாநிலம் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டிருந்தது. 1967-இல் சினூக் வந்தது. சினூக் இன்றும் பெரும்பாலும் அலைவைஃபை நம்பித்தான் வாழ்கிறது. ஹூரான் ஏரியில் 2000-களின் தொடக்கத்தில் அலைவைஃப் சரிந்தபோது சினூக்கும் சரிந்தது. எனவே மீன்காட்டியில் இரைக்கூட்டம் தெரியாத இடத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கேள்வி: 16 அடிப் படகோடு எவ்வளவு தூரம் போகலாம் அண்ணா?

தூரத்தைவிட, திரும்பி வரும் பாதையில் அலை எப்படி இருக்கும் என்பதே முக்கியம். இந்த ஏரிகளில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். நான் எப்போதும் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புவதையே விரும்புவேன். பின்னிருந்து வரும் அலை படகின் பின்பலகையைத் தாண்டக்கூடிய நாளில் போகவே கூடாது.

டவுன்ரிக்கர் குண்டு அடியில் சிக்கினால் பின்புறம் கீழே இழுக்கப்பட்டு அலை உள்ளே வரும். உடனே எஞ்சினை நியூட்ரலில் போடுங்கள், கம்பியைத் தளர்த்துங்கள். முடியாவிட்டால் வெட்டுங்கள். அதற்கான கட்டர் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். வசந்தத்தில் தண்ணீர் 5 டிகிரி இருக்கும்போது விழுந்தால் முதல் நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாடு, அப்போது மிதவைச் சட்டையைத் தேடிப் போட முடியாது. அணிந்தே இருங்கள். உங்களோடு வரும் பிள்ளைகளுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: குளிர்காலத்துக்கு வைக்கும்போது எதை மறக்கக் கூடாது?

டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர்வரை போகும் அளவுக்கு எஞ்சினை ஓட்டுங்கள். கியர் ஆயிலை வசந்தத்துக்குத் தள்ளிப்போடாமல் இப்போதே மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் உறைந்து விரிந்து உறையையே பிளந்துவிடும். எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தினால் குளிர்விக்கும் நீர் தானே வடியும். பேட்டரியை 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் சார்ஜ் செய்து வையுங்கள். காலியான ஈய பேட்டரி எளிதில் உறையும், நிறைந்தது உறையாது. டிரெய்லர் பேரிங்கில் புது கிரீஸ் போடுங்கள். படகில் நீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றி, அணியம் (முன்பகுதி) உயர்ந்திருக்கும்படி படகை நிறுத்துங்கள்.

டவுன்ரிக்கர் கம்பியின் கடைசிச் சில அடிகளை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அதுவரை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள்.