டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகளுக்கு 19 வயது. சொந்தத் தொழிலுக்குப் பழக்க முடியுமா?

முடியும். என் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். ஆறு வருடமாக வாழ்த்து அட்டை செய்து விற்கிறான். நாங்கள் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் இரண்டு வருடம் அவன் அச்சுக்கட்டையை மையில் தொட்டு அட்டையில் ஒற்றுவான், அவ்வளவுதான். நிறம், விலை, எங்கே விற்பது எல்லாம் நானும் அம்மாவும் முடிவு செய்தோம். அவன் பெயரில் நடந்த தொழிலில் அவன் கூலியாள் மாதிரி இருந்தான். ஒருநாள் கறுப்புத் தாள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். "கறுப்பை யாருடா வாங்குவாங்க?" என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். 20 அட்டை செய்தான், 3தான் விற்றது. மீதியை வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முறை கறுப்பில் ஐந்து தாளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, "அக்கா, மத்தது மஞ்சள்" என்றான். அன்றைக்குத்தான் அவன் தொழில் ஆரம்பித்தது என்பேன்.

நியூயார்க்கில் ஜான் க்ரோனின் 2016இல் தன் அப்பாவோடு சேர்ந்து காலுறை விற்கத் தொடங்கினார். அவருக்கும் டவுன் சிண்ட்ரோம். வண்ண வண்ணக் காலுறைகள் அவருக்கு முன்பிருந்தே பிடிக்கும். அதையே விற்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான்.

சொல்லிக்கொடுப்பதில் ஒன்று முக்கியம். இவர்களில் பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நிற்கும். "பத்து அட்டை எடு, உறையில் போடு, ரிப்பன் கட்டு" என்று ஒரே மூச்சில் சொன்னால் தம்பி திகைத்து நிற்பான். அதனால் ஒரு பலகையில் பத்துக் கட்டம் வரைந்து கொடுத்தேன். கட்டத்துக்கு ஓர் அட்டை. பத்தும் நிறைந்தால் ஓர் ஆர்டர் தயார். எண்ணவே வேண்டாம். மற்ற வேலைகளை வரிசையாகப் போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எல்லா அட்டைக்கும் ஒரே விலை, அதுவும் ஒரே நோட்டில் அடங்குகிற மாதிரி. சில்லறைக் குழப்பம் போய்விட்டது.

அப்புறம், ஏதாவது கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பதில் வரும். வாங்க வருகிறவர்கள் அவனை விட்டுவிட்டு என்னிடமே விலை கேட்பார்கள். "அவர்கிட்டயே கேளுங்க" என்று நகர்ந்துவிடுவேன். முதலில் எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது.

நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவள் திடீரென்று சுணங்கினால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தைராய்டு குறைபாடும் காது மந்தமும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, உங்கள் மகள் யாரும் சொல்லாமலே மணிக்கணக்கில் எதைச் செய்துகொண்டிருப்பாள்? அதைக் கீழே எழுதுங்கள், அங்கிருந்து யோசிக்கலாம்.