மூன்று மாதம் ஆப்பில் படித்தும் ஸ்பெயினின் மட்ரிட்டில் கதைக்கும் ஸ்பானிஷ் காதில் ஏறவில்லையா?

ஆப்பை நாளுக்கு 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். மிச்ச நேரம் கேட்கவும் வாய்விட்டுக் கதைக்கவும். யாழ்ப்பாணத்தில் இருந்தபடி எழுத்தைப் பார்த்தே படித்திருப்பீர்கள். மட்ரிட்காரர் கதைப்பது விளங்காததற்கு அதுதான் காரணம் போல.

ஒரு நிமிட ஒலிப்பதிவை முதலில் வெறுமனே கேளுங்கள், பிறகு எழுத்தோடு. வாசித்தால் மட்டும் விளங்குகிறதா? சரி, குறை காதில்தான். அந்த ஒலிப்பதிவோடு சேர்ந்து சொல்லிப் பழகுங்கள்.

வினைச்சொல்லுக்குப் பயம் வேண்டாம். 'ஆப்லோ' என்றால் கதைக்கிறேன், 'ஆப்லாஸ்' என்றால் கதைக்கிறாய். தமிழில் போலவே 'நான்', 'நீ' சொல்லாமலும் விடலாம். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டிப் 'பெர்ரோ' என்றால் நாய்!

ஒன்று: ஆப் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் 'கிராசியாஸ்' என்று சொல்லித்தரலாம். மட்ரிட்டில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் 'கிராத்தியாஸ்' என்பார்கள். ஸ்பெயின் ஒலிப்பதிவாகத் தேடி எடுங்கள்.