செற்றியில் படுத்த பிள்ளை

மதிப்புக்குரிய ஐயா,

நான் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்தவள். எங்கள் கூத்துக் குழு வருகிற ஜூன் மாதம் ஐந்து கிழமைப் பயணமாக ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குச் செல்ல இருக்கிறது. பதினான்கு பேரில் பெண்கள் இருவர். இருவரும் பிற்பாட்டுக்குப் போகிறோம். விடுதி எதுவும் இல்லை, அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எங்களைப் பிரித்து ஏற்றுக்கொள்ளும் என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்துவிட்டார்கள். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. சம்பளம் இல்லாமல் ஆடப் போகிறவர்களுக்கு ஓர் அறைகூட எடுத்துத் தர முடியாதா? இது கலைஞரைக் குறைத்து மதிப்பது ஆகாதா? முன்பின் தெரியாதவர்களின் வீட்டில் எப்போது எழும்புவது, எப்போது குளிப்பது என்பதற்கெல்லாம் அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். "குடும்பத்தோடு இருப்பது பாதுகாப்பு" என்று அம்மா மகிழ்கிறார். எனக்கோ அதுவே பயமாக இருக்கிறது. மத்தளக்காரராக மூன்று முறை ஐரோப்பாவுக்குப் போய் வந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் அனுபவம் என்ன? அந்த வீட்டாருக்கு என்ன கொண்டு போவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் பிள்ளைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஏற்பாட்டாளர்களே அன்றி, கட்டில் தரப்போகிற வீட்டார் அல்லர். வீட்டில் தங்கவைப்பது கலைஞரைக் குறைத்து மதிப்பது என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்குகிறவரையும் தங்கவைக்கிறவரையும் கேளாமல், பட்டியலில் பெயர்களைக் கோடிழுத்துச் சேர்த்துவிட்டு அதற்கு உபசரிப்பு என்று பெயரிடுவதுதான் இரு தரப்பையும் குறைத்து மதிப்பது.

எங்கள் ஊர் அளவெட்டி. நான் சிறுவனாக இருந்த காலத்தில் கோயில் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்து நாதஸ்வர, தவில் வித்துவான்கள் வருவார்கள். அவர்கள் ஊர் வீடுகளிலேயே தங்குவார்கள். எங்கள் வீட்டில் தங்கும்போது அம்மா தன் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டுச் சின்னம்மா வீட்டில் போய்ப் படுப்பார், ஐயா விறாந்தையில் பாயை விரிப்பார், தம்பியும் நானும் குசினிக்குப் பக்கத்தில் நெல்மூட்டைகளின் நடுவில் கிடப்போம். விடியற்காலையில் அறைக்குள்ளிருந்து மெல்ல எழும் சாதகத்தைக் கேட்டபடி கிடந்த அந்தக் காலைகளை எண்ணி இன்று எனக்குப் பெருமைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என் கவலை முழுவதும் என் தலையணையை யார் கொண்டுபோனார் என்பதில் இருந்தது.

2003ஆம் ஆண்டு, போர் நிறுத்தப்பட்டிருந்த சமாதான காலத்தில், முதல் பயணம் போனபோது இதை நான் மறந்துபோயிருந்தேன். பேர்ண் நகருக்கு அருகில் ஓர் அடுக்குமாடி வீட்டில் எனக்கும் எங்களுக்குத் தாளம் போடும் சல்லாரிக்காரருக்கும் ஓர் அறை தந்தார்கள். சுவரெல்லாம் குதிரைப் படங்கள். நான் படுத்த கட்டிலில் என் கால் வெளியே நீண்டது. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடித்து இரவு பத்து மணிக்கு வந்து, வரவேற்பறைச் செற்றியில் (சோபாவில்) சாய்ந்து, தேத்தண்ணீர் குடித்தபடி நள்ளிரவு வரை ஊர்க்கதை பேசினோம். வீட்டுக்காரரும் ஆசையாகப் பேசினார். ஆறாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழும்பியபோதுதான் அந்த வீட்டின் பதினொரு வயதுப் பெண்பிள்ளை அதே செற்றியில் பள்ளிக்கூடப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குவதைக் கண்டேன். ஆறு நாளும் அவள் உறங்குவதற்காக நாங்கள் எழும்ப வேண்டியிருந்திருக்கிறது. நாங்கள் பேசி முடிக்கும் வரை அவள் தாயின் அறையில் காத்திருந்திருக்கிறாள். காலை ஆறரைக்கு எழும்பிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். தாயோ தகப்பனோ எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆட்கள் விருந்தினரிடம் சொல்லாமல் அடக்கிக்கொள்வதை ஒரு பண்பாகவே பழகியவர்கள்.

ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே, வெட்கப்படாமல், "இந்தக் கட்டில் ஆருடையது?" என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கிற பதிலிலிருந்து அந்த வீட்டின் நேரம் முழுவதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், குளியலறை காலையில் யாருக்கு முதலில் வேண்டும், வீட்டுக்காரர் உணவகச் சமையலறையில் இரவு வேலை முடித்து எத்தனை மணிக்கு வருகிறார், அவருடைய மனைவி துப்புரவு வேலைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நமக்கு விடுமுறைபோலத் தோன்றுகிற அந்த நாட்கள் அவர்களுக்கு வேலைநாட்கள். சுவிஸ் அடுக்குமாடிகளில் இன்னொன்றும் உண்டு: துணி துவைக்கும் அறை பெரும்பாலும் கட்டடத்துக்கே பொதுவானது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைநாள் குறித்திருப்பார்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் ஆகாது, ஞாயிற்றுக்கிழமையும் அமைதி காக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் ஞாயிறு காலை சதங்கையைக் கட்டி வரவேற்பறையில் ஒரு தாளக்கட்டை ஆடிப் பார்த்தார். கீழ்வீட்டார் மேலே வந்தார்கள். நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தில்தான் தொடர்ந்து இருக்க வேண்டியிருந்தது.

விடுதி வேண்டும் என்கிறீர்கள். பணம் உள்ள குழு விடுதியில் தங்கட்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வீட்டார் உங்களுக்குத் தருவது கட்டிலும் சோறும் மட்டும் அல்ல என்பதை விசா விண்ணப்பத்தை நிரப்பும்போதே காண்பீர்கள். பிரான்ஸில் ஒருவர் வெளிநாட்டு விருந்தினரைத் தன் வீட்டில் தங்கவைப்பதானால், தன் ஊர் நகரசபைக்குப் போய்த் தங்குமிட உறுதிப்பத்திரம் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். வீட்டின் அளவையும் வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். ஜேர்மனியில் இது இன்னும் கடுமையானது. செலவுகளைப் பொறுப்பேற்பதாக ஒருவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையொப்பமிட்டால், நீங்கள் நோய்வாய்ப்பட்டாலும், நாடு திரும்பாமல் நின்றுவிட்டாலும், அரசு செலவழிக்கும் பணத்தை அவரிடம் கேட்க முடியும். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியை ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமாகக் கேட்பதும் இந்தக் கணக்கில்தான். உங்களை ஒருமுறையும் கண்டிராத ஒருவர், ஊர்ப் பெயரையும் கூத்தின் பெயரையும் நம்பி, தன் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய் ஒரு மேசையில் வைத்திருக்கிறார் என்றால், அவரைச் சிக்கனத்துக்குக் கிடைத்த விடுதிக்காரராக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இதில் குழுவுக்குள் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2004இல் இலங்கையின் தேசிய ஹாண்ட்போல் அணி என்று சொல்லி ஜேர்மனியின் பவேரியாவுக்குப் போன இருபத்துமூன்று பேர் மாயமாகிப் போனார்கள். அப்படியொரு தேசிய அணியே நாட்டில் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. எங்கள் ஊரில் அதைச் சிரித்துச் சிரித்துக் கதைத்தோம். அந்தச் சிரிப்புக்கான விலையை அதற்குப் பிறகு விசாவுக்கு விண்ணப்பித்த குழுக்கள் கொடுத்தன. உங்கள் பதினான்கு பேரில் யாருக்காவது அங்கே நின்றுவிடும் எண்ணம் இருந்தால், அவருடைய வாழ்க்கை நெருக்கடியைத் தீர்ப்புச் சொல்ல நான் யாரும் அல்லன். ஆனால் கையொப்பமிட்ட வீட்டுக்காரரின் தலையில் அது விழுமென்பதை, அப்படி எண்ணுகிறவருக்கு, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. அம்மாவின் நம்பிக்கையைவிட உங்கள் பயம்தான் எனக்கு அறிவாகப் படுகிறது. குடும்பம் என்பதனால் மட்டும் ஒரு வீடு பாதுகாப்பாகிவிடாது. நீங்கள் இரு பெண்களும் எந்த நாட்டிலும் ஒரே வீட்டில் தங்க வேண்டும், அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும், அந்த வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும், வீட்டுமுகவரியும் தொலைபேசி எண்ணும் புறப்படுவதற்கு முன்பே உங்கள் அம்மாவின் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "எங்களுக்கு இந்த வீடு சரிவராது" என்று நீங்கள் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றிரவே வேறு வீட்டுக்கு மாற்றுவதற்கு ஒருவர் ஒவ்வொரு நகரத்திலும் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் பெண்ணாக இருப்பது நல்லது. இதை ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால், பயணத்தைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

ஆண்களாகிய எங்களுக்கும் மாற வேண்டிய வீடு ஒன்று வாய்த்தது. இரண்டாம் பயணத்தில் ஒரு வீட்டுக்காரர் ஒவ்வொரு மாலையும் எங்களைத் தன் சிநேகிதர் வீடுகளுக்கு ஏற்றிச் சென்றார். பிறந்தநாள், வீடு குடிபூரல், ஒருமுறை வெறும் குடி. போன இடமெல்லாம் "ஒரு பாட்டு எடுத்துவிடுங்கோ அண்ணை" என்றார்கள். மூன்றாவது மேடையில் எங்கள் கூத்தருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அரசன் வரவு மத்தள ஒலியில் மட்டும் நடந்தது. தவறு எங்களுடையது. சோற்றை உண்டுவிட்டு மறுப்பதெப்படி என்ற கூச்சத்தில் இருந்தோம். மேடைக்கு முந்திய நாள் எங்கும் பாடுவதில்லை என்பது குழுவின் விதி என்று அண்ணாவியார் முதல் நாளே எல்லா வீட்டாருக்கும் சொல்லிவிட்டால், யாருடைய முகமும் முறியாது.

பாடாதபோதும் கேள்விகள் வரும். அவற்றில் ஒன்றில் நான் வழுக்கிவிட்டேன். 2018இல் பாரிஸில் எங்களை வைத்திருந்தவர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர், போரால் 1990இல் வெளியேறியவர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டதை அவர் அறிந்திருந்தார். தன் வீடு இருந்த ஒழுங்கையைச் சொல்லி, "அந்தப் பக்கம் போனனீங்களோ, எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். நான் துறைமுகம் வரைக்கும் ஒருமுறை போயிருந்தேனே தவிர, அந்த ஒழுங்கைக்குள் போகவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கனக்கப் பழுதில்லை" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு அவர் மனைவியோடு வந்து பார்த்தபோது அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டும் பற்றைக்குள் கிடந்தன. என் வீட்டுக்கும் வந்து தேத்தண்ணீர் குடித்தார், ஒன்றும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்பார்கள். அவர்கள் விட்டுப்போன ஊரை நீங்கள் கையில் கொண்டுவந்திருப்பதாக எண்ணித்தான் கதவைத் திறக்கிறார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள்.

கொண்டுபோகும் பொருளைப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் எல்லாரும் கொண்டுபோகிறவை. பாரிஸில் லா சப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் ஒடியல்மாவிலிருந்து எல்லாமே கிடைக்கும், எங்களுக்கு முன் போனவர்கள் கொடுத்த வடைப் பைகளையே அலுமாரியில் கண்டிருக்கிறேன். கருவாடு, இறைச்சி வகைகளைத் தவிருங்கள். சுங்கத்தில் மறிபட்டால் குழு முழுவதும் நிற்க வேண்டும். உங்களை ஏற்கும் குடும்பங்களின் பெயர்களை இப்போதே கேட்டு வாங்கி, அவர்களோடு தொலைபேசியில் பேசுங்கள். ஊர்ப்பக்கம் ஏதாவது பார்த்துவர வேண்டுமா, கோயிலிலோ பழைய பள்ளிக்கூடத்திலோ ஒரு படம் எடுத்துவர வேண்டுமா என்று கேளுங்கள். ஒருவர் என்னிடம் தன் தாயின் சமாதியில் ஒரு விளக்கு ஏற்றிப் படம் எடுத்துவரச் சொன்னார். அதன் பாரம் எந்தப் பயணப்பெட்டியிலும் ஏறவில்லை. கூத்துக்கான கரப்புடுப்பும் கிரீடங்களும் ஏறிய பிறகு உங்கள் பெட்டிகளில் வேறொன்றுக்கும் இடம் இருக்கப்போவதில்லை.

பேர்ண் வீட்டுப் பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன் என்று கேட்பீர்கள். ஏழாம் நாள் தொடக்கம் நாங்கள் இருவரும் செற்றியிலும் தரையிலும் படுத்தோம், அவள் தன் அறைக்குத் திரும்பினாள். முதலில் தாய் ஒப்பவில்லை; பெரிய வாக்குவாதம். கடைசி நாள் மத்தளத்தை அவள் மடியில் வைத்து வலந்தலையைத் தட்டிக் காட்டினேன். இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சுவர்மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்து, பத்து மணி ஆகிவிட்டது, கீழ்வீட்டார் வருவார்கள் என்று தமிழும் ஜேர்மனும் கலந்து சொல்லி மத்தளத்தைத் திருப்பித் தந்துவிட்டாள்.