ஓ-ரிங்குக்கு சிலிக்கான் தடவலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய பழைய டீசல் காரின் இன்ஜினை முழுக்க இறக்கி, பிளாக்கைத் திருநெல்வேலியில் கொடுத்து போரிங் முடித்து, இப்போது திரும்பப் பூட்டுகிற கட்டத்தில் நிற்கிறார். "கூட இருக்கிற மெக்கானிக் அண்ணன் எல்லா ஓ-ரிங்குக்கும் சிலிக்கான் தடவித்தான் போடணும், இல்லைன்னா ஒழுகும்ங்கிறார். சர்வீஸ் மேனுவலில் இன்ஜின் ஆயில் மட்டும் தடவச் சொல்லியிருக்கு. நான் யார் பேச்சைக் கேட்க அண்ணாச்சி?"

மேனுவல் பேச்சைக் கேளுங்கள் தம்பி. ஓ-ரிங் என்பது இரண்டு உலோகப் பாகங்கள் சேருகிற இடத்தில் பள்ளத்துக்குள் உட்கார்ந்து ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், அண்ணன் சொல்கிற சிலிக்கான் டியூபில் வரும் அடைப்புப் பேஸ்ட், அதாவது சீலன்ட். ஓ-ரிங்குக்கு அந்த சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அந்த அண்ணன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். பேப்பர் கேஸ்கட்டும் கார்க் கேஸ்கட்டும் போட்ட இன்ஜின்களில் வேலை பழகியவர்களுக்கு எந்த மூட்டைப் பார்த்தாலும் பேஸ்ட் டியூபைத் தேடிக் கை போகும், அந்த இன்ஜின்களுக்கு அது சரியும்கூட. ஆனால் ஓ-ரிங் வேலை செய்கிற விதமே வேறு.

ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள ரிங் என்றால் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 2.4 மி.மீ. இருக்கும், அகலம் மட்டும் 4 மி.மீ. அளவுக்குத் தாராளமாக விட்டிருப்பார்கள். மூடியைப் பூட்டும்போது ரிங் ஐந்தில் ஒரு பங்கு நசுங்குகிறது. ரப்பர் நசுங்கினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும், அதற்குத்தான் அந்த மிச்ச இடம். அப்புறம் ஆயில் பிரஷர் ஏறும்போது ரிங்கைப் பள்ளத்தின் மறு ஓரத்துக்குத் தள்ளி இடுக்கோடு ஒட்ட அழுத்தும், பிரஷர் கூடக் கூட அடைப்பும் இறுகும். வீட்டுக் குக்கர் கேஸ்கட்டும் இப்படித்தான், உள்ளே ஆவி ஏற ஏற இறுகும், அதில் யாரும் பேஸ்ட் தடவுவதில்லை. இன்ஜின் சூடானால் உலோகத்தை விட ரப்பர் பல மடங்கு விரியும், அதற்கும் இடம் வேண்டும்.

அந்த இடத்தை சிலிக்கானால் நிரப்பினால் ரிங் நகரவும் முடியாது, விரியவும் முடியாது. ஈரமாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு பள்ளத்தை விட்டு வெளியே வந்து, மூடி அதைக் கடித்துவிடும். காய்ந்தபின் ரிங்கை ஒரே பக்கம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, ஓ-ரிங் போட்ட மூட்டில் உலோகத்தோடு உலோகம் நேராகத் தொட வேண்டும், நடுவில் சிலிக்கான் படலம் நின்றால் மூடி ஒரு மயிரிழை தூக்கியே உட்காரும், போல்ட்டை எவ்வளவு சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கினாலும் பிறகு தளரும். சிலிக்கான் காய்வதே காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான், திறந்த இடத்திலேயே 24 மணி நேரத்துக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் காயும். மூடிய பள்ளத்துக்குள் ஈரம் எங்கிருந்து போகும்? நாள்கணக்கில் கொழகொழவென்றே கிடக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் வேறொன்றில். உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் காய்ந்து, சூட்டிலும் ஆயிலிலும் ஊறி, ஒருநாள் துண்டாகப் பிய்ந்து விழும். பெரிய துண்டு சம்ப்பிலுள்ள, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியிலுள்ள, ஸ்ட்ரெயினர் வலையில் போய் அப்பிக்கொள்ளும், ஆயில் பிரஷர் விளக்கு எரியும், விளக்கைக் கவனிக்காமல் பாபநாசம் வரைக்கும் ஓட்டிவிட்டால் பேரிங் போச்சு, நீங்கள் இவ்வளவு செலவழித்துத் தேய்த்து வைத்திருக்கிற கிராங்கும் போச்சு. ஃபில்டருக்குப் பிறகு வருகிற மூட்டில் தடவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்தத் துண்டைத் தடுக்க வழியில் எதுவுமே இல்லை, பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சுகிற ஜெட்டையோ டர்போவுக்குப் போகிற சின்னக் குழாயையோ நேராகப் போய் அடைக்கும்.

ஸ்ட்ரெயினர் குழாய் பம்ப்போடு சேருகிற இடத்திலும் பல இன்ஜின்களில் ஒரு ஓ-ரிங் உண்டு. உங்கள் இன்ஜினில் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் கொடுங்கள். அது உறிஞ்சுகிற பக்கம், அங்கே கசிந்தால் வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடத் தெரியாது, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், பிரஷர் விழும், எதனால் என்றே புரியாமல் பேரிங்கைச் சந்தேகப்பட்டு மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பீர்கள். புது ரிங், சரியான சைஸ், ஆயில் தடவி, முறுக்காமல் நேராக உள்ளே தள்ளுங்கள்.

சரி, சிலிக்கான் இல்லாமலும் ஓ-ரிங் ஒழுகுகிறதே என்றால், பெரும்பாலும் தப்பான ரப்பராக இருக்கும். ஆயில் பக்கம் சாதாரணமாக வருவது நைட்ரைல், சூடு அதிகமுள்ள இடத்தில் வைட்டான். கூலன்ட் பக்கம் பல வண்டிகளில் ஈபிடிஎம் வரும். இந்த ஈபிடிஎம் ரப்பருக்கு ஆயில் ஆகவே ஆகாது, பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். அதனால் வாட்டர் பம்ப், கூலன்ட் பைப் ரிங்குகளுக்கு இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவாதீர்கள், கூலன்டிலேயே நனைத்துப் போடுங்கள், அல்லது சிலிக்கான் கிரீஸ் லேசாகப் பூசுங்கள். சிலிக்கான் கிரீஸ் வேறு, சிலிக்கான் சீலன்ட் வேறு, கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். நிறத்தை வைத்து ரப்பரைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் உதிரியாக உள்ள ஒரு ரிங்கை இன்ஜின் ஆயிலில் ஒன்றிரண்டு நாள் ஊறப்போட்டு, ஊறாத ரிங்கோடு வைத்துப் பாருங்கள், ஈபிடிஎம் என்றால் பருத்துப் போயிருக்கும்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் ஓ-ரிங்கில் சிலிக்கான் தடவுவது தீயோடு விளையாடுவது. பெட்ரோலில் சிலிக்கான் ஊறி நெகிழ்ந்துவிடும்.

அடுத்து சுத்தம். பழைய ரிங்கை ஸ்குரூ டிரைவரால் நோண்டி எடுக்காதீர்கள், பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியாக ஆயில் கசியும். மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் ஊசியோ போதும். கடைசித் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் ஒன்று ரிங்குக்கு அடியில் மாட்டினால் அதுவே கசிவுக்கு வழி. நம் பக்கம் ஆடிக் காற்றும் இருக்கிறது, பணகுடி, வள்ளியூர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆயில் தடவிய ரிங்கை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது அதில் மண் அப்பியிருக்கும். எடுத்து, தடவி, உடனே பூட்டுங்கள்.

சிலிக்கானே கூடாது என்று சொல்லவில்லை. மேனுவலில் சொன்ன இடத்தில் கட்டாயம் வேண்டும்: கேஸ்கட் இல்லாத ஆயில் சம்ப், டைமிங் கவரும் பிளாக்கும் ஹெட்டும் மூன்றாகச் சந்திக்கிற மூலை, வால்வ் கவர் கேஸ்கட்டின் அரைவட்ட ஓரம். அங்கேயும் 2, 3 மி.மீ. கோடுதான், போல்ட் ஓட்டையை உள்பக்கமாகச் சுற்றி இழுத்து, மேல்தோல் கட்டுவதற்குள் பூட்டிவிட வேண்டும். ஆயில் ஊற்ற மறுநாள் வரை பொறுங்கள். காடி வாசனை வருகிற சிலிக்கானை இன்ஜினுக்கு வாங்காதீர்கள், அதிலிருந்து வெளியேறும் அமிலம் உலோகத்தை அரிக்கும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி என்றால் சென்சாருக்குப் பாதிப்பில்லை என்று டியூபில் போட்டிருக்க வேண்டும்.

அலுமினியக் கூலன்ட் பைப் முனை அரித்துக் குழி விழுந்திருந்தால் சிலிக்கானால் நிரவிச் சமாளிக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். சில மாதம் தாங்கலாம், அப்புறம் ஒழுகும். பைப்பை மாற்றுங்கள்.

அண்ணன் ஏற்கெனவே எந்தெந்த மூட்டில் சிலிக்கான் தடவிப் பூட்டினார் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே அவற்றைப் பிரித்து, பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பிரேக் கிளீனர் விட்டுத் துடைத்து, புது ரிங் போடுங்கள். சுரண்டும்போது ஆயில் துளைகளை அடைத்து வைக்க மறக்காதீர்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். ரப்பர் மாதிரித் துணுக்கு ஒன்று கிடைத்தாலும் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெயினரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வண்டியை எடுக்க வேண்டும்.