வாசகர் கேள்வி – பதில்: இசையும் கிராஃபிக் டிசைனும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி: பியானோவில் எட்டாம் கிரேடு முடிக்கப் போகிறேன். ஓவியமும் நன்றாக வரும். கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் இசை, கிராஃபிக் டிசைன் இரண்டையும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம் என்கிறார்கள். நான்கு ஆண்டில் முடியுமா?
– பள்ளி இறுதியாண்டு மாணவி

பதில்: விதிப்படி முடியும், நேரக்கணக்கில் பெரும்பாலும் முடியாது. கையேட்டில் இருக்கும் கிரெடிட் (பாட மதிப்பலகு) எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த இரண்டு பாடங்களிலும் கிரெடிட் குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருக்கும்.

ஒரு பருவத்துக்கு 16 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். பியானோ தனி வகுப்பு 2 கிரெடிட்: வாரம் ஒரு மணி வகுப்பு, தினம் இரண்டு மணி சாதகம் என்றால் ஆறு நாளில் 12, ஆக 13 மணி. பாடகர் குழு 1 கிரெடிட், ஒத்திகை 4 மணி. இசைக் கோட்பாடும் செவிப்பயிற்சியும் 4 கிரெடிட், வீட்டு வேலையோடு 10 மணி. டிசைன் ஸ்டூடியோ வகுப்புகள் இரண்டு, 6 கிரெடிட்: வகுப்பில் 12, வெளியே இன்னொரு 12. வேதபாடம் 3 கிரெடிட், 7 மணி. கிரெடிட்டே இல்லாத சிற்றாலய ஆராதனை 2 மணி. கூட்டினால் வாரம் 60 மணி. இதில் கச்சேரி வாரமும் ஸ்டூடியோ மதிப்பீடும் ஒன்றாக வந்து விழுந்தால் தூக்கம் போச்சு.

பி.மியூஸ் (இளங்கலை இசை), பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) போன்ற தொழில்முறைப் பட்டங்களில் மொத்தப் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தத் துறைக்கே போய்விடும். அந்த வகையில் இரண்டை எடுத்தால் ஐந்தாண்டுக்குக் குறையாது. ஒன்றை முதன்மையாகவும் மற்றதைத் துணைப்பாடமாகவும் வைப்பதே எங்கள் யோசனை. இரண்டும் முதன்மையாகத்தான் வேண்டும் என்றால் துறைப் பாடங்கள் குறைவாக உள்ள பி.ஏ. அளவில் இரண்டையும் எடுங்கள்.

எது முதன்மை என்று இன்னும் முடிவு செய்யவில்லையா? முதல் பருவத்திலேயே இசைக் கோட்பாட்டில் சேர்ந்துவிடுங்கள். அது வழக்கமாக நான்கு பருவத் தொடர். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது. பல கல்லூரிகளில் ஒவ்வொரு படியும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். டிசைன் அடிப்படை வகுப்புகளைப் பிறகு பிடித்துக்கொள்ள ஓரளவு வழி உண்டு.

கேள்வி: ஆடிஷனுக்கும் (வாசித்துக் காட்டும் நுழைவுத் தேர்வு) போர்ட்ஃபோலியோவுக்கும் (படைப்புத் தொகுப்பு) ஒரே மாதத்தில் தயாராக வேண்டும். எதில் கவனம் வைப்பது?
– அதே மாணவி

பதில்: ஆடிஷனுக்கு இரண்டு வேறு காலத்து உருப்படிகள் பெரும்பாலும் போதும்: பாக் (Bach) எழுதியது ஒன்று, செவ்வியல் சொனாட்டாவின் முதல் பகுதி ஒன்று. கூடவே ஸ்கேல், பார்த்து வாசித்தல், செவித்தேர்வு. தடுமாறாத சுலபமான உருப்படி, தடுமாறும் கடினமான உருப்படியைவிட மேல்.

கிறிஸ்தவக் கல்லூரியில் இன்னொன்றும் கேட்கக்கூடும்: நான்கு குரலில் எழுதிய ஞானப்பாட்டை அங்கேயே வாசிக்கச் சொல்வார்கள். கிரேடு தேர்வுகளில் தேறியவர்களே இங்கே சறுக்குகிறார்கள். தப்பான சுரம் விழுந்ததும் நின்று திருத்துவதுதான் காரணம். பாடுகிற கூட்டம் உங்களுக்காகக் காத்திருக்காது; தாளம் ஓடட்டும், சுரம் போனால் போகட்டும். பழகும்போது முதலில் மேல் குரலான சோப்ரானோவையும் கீழ்க் குரலான பேஸையும் மட்டும் வாசியுங்கள். அது ஓடியதும் நடுக் குரல்களில் ஆல்ட்டோவை வலது கையிலும் டெனரை இடது கைக் கட்டைவிரலிலும் சேருங்கள். பெடலை ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாற்றுங்கள். பாட்டின் மேலே 8.6.8.6 என்று இருந்தால் அது வரிக்கு வரி அசைக்கணக்கு; ஒவ்வொரு வரி முடிவிலும் கூட்டம் மூச்செடுக்கும் இடம் அது. அங்கே கையை லேசாக எடுக்க வேண்டும்.

ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பியானோவிலிருந்து 2–3 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். கையும் முகமும் தெரிய வேண்டும். ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை அணைக்காவிட்டால் நீங்கள் மென்மையாக வாசித்த இடமும் பலமாகவே கேட்கும். ஓர் உருப்படிக்கு நடுவே வெட்டி ஒட்டாதீர்கள். கேட்கிற காதுக்குத் தெரிந்துவிடும்.

போர்ட்ஃபோலியோவில் 12 முதல் 15 படைப்புகள். குறைந்தது நான்கைந்து நேரில் பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும், போட்டோவைப் பார்த்து வரைந்தவை வேண்டாம். ஏதாவது ஒரு வேலைக்கு முதல் கிறுக்கலிலிருந்து இறுதி வரை எல்லாப் படிகளையும் காட்டுங்கள். தேர்வாளர் நிதானமாகப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். கிறிஸ்தவக் கல்லூரிக்கு அனுப்புகிறோம் என்பதற்காகச் சிலுவை, புறா, விடியல் வானம் என்று நிரப்பாதீர்கள். அவர்கள் ஆண்டு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: மகனைச் சேர்க்கும் முன் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் என்னென்ன விசாரிக்க வேண்டும்?
– ஒரு தாய்

பதில்: விசுவாச அறிக்கையில் மாணவர் கையெழுத்திட வேண்டுமா, ஆசிரியர்கள் மட்டுமா? சிற்றாலய வருகை கட்டாயமா, எத்தனை தடவை தவறலாம்? நடத்தை விதிகளின் முழுப் பிரதியைக் கட்டணம் கட்டுமுன் கேட்டு வாங்குங்கள். அடுத்து, பலர் கேட்கத் தயங்கும் ஒன்று: மனித உருவ வரைதல் வகுப்பு எப்படி நடக்கிறது? சில கிறிஸ்தவக் கல்லூரிகளில் மாடல்கள் ஆடையோடுதான் நிற்பார்கள். டிசைனுக்கு அது பெரிய குறையில்லை. பின்னால் நுண்கலை மேற்படிப்புக்குப் போகிறவர் உடற்கூறு வரைதலை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். பயிற்சி அறைகளை மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா அறையும் காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: சிற்றாலயத்துக்குப் பாடல் வரிகளைத் திரையிடுவதும், பாட்டுப் புத்தகம் அச்சிடுவதும் என் பொறுப்பு. திரையில் தமிழ் எழுத்து உடைகிறது. அச்சில் சுர வரிகள் (இசைக்குறிகள் அமரும் ஐந்து கோடுகள்) மங்கலாக, ஓரத்தில் நிறம் கசிந்து தெரிகின்றன. ஏன்?
– முதலாண்டு டிசைன் மாணவர்

பதில்: முதலில் எழுத்து. ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் மென்பொருளின் எழுத்துக்கோப்பு அமைப்பைப் பாருங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் டைப் அமைப்புகளில் இதே பெயரில் ஒரு தேர்வு இருந்தது.

திரை 1920 × 1080 என்றால் எழுத்து 60 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். ஒரு ஸ்லைடில் இரண்டிலிருந்து நான்கு வரி. தமிழில் ‘கி’யின் மேல் வளைவும் ‘கு’வின் கீழ் வளைவும் முட்டிக்கொள்ளும் என்பதால் வரி இடைவெளியை 140 சதவீதம் வரை கூட்டுங்கள். வரியை இடம் பார்த்து மடிக்காமல் ராகத்தில் மூச்சு விழும் இடத்தில் மடியுங்கள். இசை படிக்கிறவருக்கு இங்கேதான் கை ஓங்கும். கடைசிச் சொல்லைப் பாடத் தொடங்கும்போதே அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட வேண்டும்; பாடி முடித்த பிறகு மாற்றினால் கூட்டம் முதல் சொல்லை விழுங்கும்.

இனி மங்கலான சுர வரிகள். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நொட்டேஷன் (இசைக்குறி எழுதும்) மென்பொருளிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருப்பீர்கள். பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது: பிடிஎஃபில் உள்ள கறுப்பு ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பாக இருந்தால், அச்சகத்தில் சிஎம்ஒய்கேவுக்கு (சயான் நீலம், மெஜன்டா சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற அச்சு மைகள்) மாறும்போது நான்கு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடும். சுர வரியின் தடிமன் சுமார் 0.2 மி.மீ.தான். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் ஒன்று 0.1 மி.மீ. விலகினாலே வரியோரம் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். சுரப் பக்கங்களை கிரேஸ்கேலுக்கு (கறுப்பு-வெள்ளை) மாற்றி, கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று உறுதி செய்துவிட்டு அனுப்புங்கள். பாடல் வரிகளுக்கும் இதேதான்.

அட்டையில் ஆழ்ந்த நீலம் கேட்டு ஊதா வந்தால் மெஜன்டா அதிகம் என்று பொருள். அதை சயானைவிட 30 புள்ளியாவது குறைத்து வையுங்கள். புத்தகம் ஏ5 என்றால் 148 × 210 மி.மீ.; நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டி எடுக்கும் ஓரம்) சேர்த்து 154 × 216. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வேண்டும். 30 பக்கம் வந்தால் 32 ஆக்குங்கள்.

மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளில் தமிழ்ப் பாடல் வரி இடும்போது எழுத்துக்கு ஒரு சுரம் என்று பிரிக்காதீர்கள். மெய்யெழுத்து முன் எழுத்தோடு சேரும்: ஆண்-ட-வர், மூன்று அசை. ஹைஃபன் அடித்தால் அடுத்த சுரத்துக்குத் தாவும். ஓர் அசை பல சுரங்களுக்கு நீண்டால் அண்டர்ஸ்கோர்.

கேள்வி: பழைய ஞானப்பாடல்தானே, நகல் எடுத்துக் கொடுத்தால் என்ன தப்பு?
– பாடகர் குழுத் தலைவர்

பதில்: வரி, ராகம், குரல் அமைப்பு, மொழிபெயர்ப்பு நான்குக்கும் தனித்தனி உரிமை. ஆங்கில ஞானப்பாடல் ஆசிரியர் ஐசக் வாட்ஸ் 1748இல் மறைந்தார். அவர் எழுதிய வரிகள் எல்லோருக்கும் பொது. அதற்குப் போன ஆண்டு ஒருவர் எழுதிய நான்கு குரல் அமைப்பு பொது அல்ல. சபைகளுக்குப் பாடல் உரிமம் தரும் சிசிஎல்ஐ நிறுவனத்தின் வழக்கமான சபை உரிமம் வரிகளைத் திரையிட உதவும். பாடகர் குழுச் சுரத்தாள்களை நகலெடுக்க அது போதாது. எழுத்துருவிலும் இதே கவனம் வேண்டும். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் என்ற திறந்த உரிமம் உள்ள எழுத்துருவாக எடுத்தால் அச்சுக்கும் விற்பனைப் புத்தகத்துக்கும் தடையில்லை.

கேள்வி: பியானோ சாதகம் முடித்து மவுஸ் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது.
– இரண்டாமாண்டு மாணவி

பதில்: இரண்டு வேலையும் ஒரே தசைநாண்களை இழுக்கின்றன. அதனால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். சாதகம் காலையில், கணினி மதியத்துக்கு மேல். நடுவில் வகுப்போ சாப்பாடோ இருக்கட்டும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கையைக் கீழே தொங்கவிடுங்கள். மவுஸை இடது கைக்கு மாற்றிப் பழகுங்கள், அல்லது பேனா டேப்லெட். பியானோ இருக்கையில் முழங்கை விசைப்பலகை மட்டத்துக்குக் கீழே போனால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், இருக்கையை ஏற்றுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் வரை சாதகத்தை நிறுத்துங்கள். அந்தச் சான்றிதழை இசைத்துறையில் கொடுத்தால் தேர்வுக் கச்சேரியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கலாம்.